கரடுவழிப் பணிவண்டியின் செலுத்தப் பாய்மம்: தேர்வும் ஊற்றுமுறையும்

1. பொருளும் வரையறையும்

பண்ணை, காடு, மேய்ச்சல்நிலம், பனிவெளி ஆகிய இடங்களில் ஆளையும் சுமையையும் ஏற்றிச் செல்லும் நாற்சக்கரச் சிறுவண்டியை இக்கட்டுரையில் கரடுவழிப் பணிவண்டி என்றும், சுருக்கமாகப் பணிவண்டி என்றும் குறிப்போம். யூடிவி என்றும், இருவர் அருகருகே அமர்வதால் சைட்-பை-சைட் என்றும் வழங்கப்படுவது இதுவே. கவாசாகி நிறுவனம் 1988இல் மியூல் வண்டியை வெளியிட்டது. போலாரிஸ் நிறுவனத்தின் ரேஞ்சர் 1998இல் வந்தது. இவ்விரண்டோடு ஹோண்டா பயனியர், குபோட்டா ஆர்டிவி, ஜான் டியர் கேட்டர் ஆகியவற்றையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

செலுத்தம் என்பது எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்க்கும்போது அதன் வேகத்தையும் திருப்புவிசையையும் தேவைக்கேற்ப மாற்றித் தரும் உறுப்புத் தொகுதி. செலுத்தப் பாய்மம் என்பது அத்தொகுதியின் மூடிய அறைகளில் நின்று தொழில்புரியும் திரவம். மசகிடுவது அதன் தொழில்களுள் ஒன்றே. சில அறைகளில் அது விசையைத் தானே கடத்துகிறது. வேறு சிலவற்றில் இரு தகடுகள் ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பற்ற வேண்டும் என்பதை வரையறுக்கிறது. ஆகவே பாய்மத்தை அவ்வப்போது ஊற்றப்படும் துணைப்பொருளாகக் கருதாமல், பல்சக்கரத்தையும் பேரிங்கையும் போல வடிவமைக்கப்பட்ட ஓர் உறுப்பாகவே கொள்கிறோம்.

நாம் நிறுவ முனையும் கருத்து இது: ஓர் அறைக்குரிய பாய்மத்தைத் தீர்மானிப்பது அங்கே மிகுந்த சுமை தாங்கும் உறுப்பு அன்று, அந்த அறையில் மிக எளிதில் ஊறுபடும் உறுப்பே. தவறான தேர்வுகளில் பெரும்பாலானவை இதைத் தலைகீழாகக் கொள்வதால் நேர்கின்றன. சுமை ஏற்றும் வண்டியாயிற்றே, தடித்த கியர் ஆயிலை ஊற்றினால் பல்சக்கரம் பிழைக்கும் என்று எண்ணுவது இயல்பு. பல்சக்கரம் பிழைக்கவும் செய்யும். ஆனால் அதே அறையில் இருக்கும் கிளட்சோ பம்போ கெட்டுப்போகும்.

2. செலுத்த வகைகளும் அவற்றின் அறைகளும்

பணிவண்டிக்கு எந்தப் பாய்மம் என்ற வினாவுக்கு விடை சொல்லும் முன், எந்த அறைக்கு என்று கேட்டாக வேண்டும். ஒரே வண்டியில் இரண்டு, மூன்று அறைகள் உண்டு. ஒன்றுக்குரியது மற்றொன்றுக்கு ஆகாது. செலுத்தங்களை மூவகையாகப் பிரிப்போம்.

முதல் வகை உலர்பெல்ட் செலுத்தம். ரேஞ்சரும் மியூலும் இவ்வகையின. அகலம் கூடியும் குறைந்தும் மாறும் இரு கப்பிகளுக்கிடையே ரப்பர் பெல்ட் ஓடுகிறது. வேக விகிதம் படியின்றித் தொடர்ந்து மாறுகிறது. இவ்வாறு மாறும் செலுத்தத்தைச் சிவிடி என்பர். நெதர்லாந்தின் ஹப் வான் டோர்னே 1958இல் டாஃப் 600 காரில் கொண்டுவந்த ஏற்பாடும் இந்தக் கொள்கையில் அமைந்ததே. பெல்ட் அறையிலிருந்து விசை பல்சக்கரப் பெட்டிக்குப் போகிறது. உயர்நிலை, தாழ்நிலை, பின்னோட்டம் ஆகியவை அங்கே அமைகின்றன. அங்கிருந்து ஒரு தண்டு முன்சக்கரப் பெட்டிக்குச் செல்கிறது. இவ்வாறு மூன்று அறைகள் உள்ளன. அவற்றுள் பெல்ட் அறை முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டியது. அதற்குள் எந்தப் பாய்மமும் கூடாது.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கியாக வேண்டும். கடைகளில் சிவிடி ஃபுளூயிட் என்ற பெயரில் விற்கப்படுவது கார்களின் எஃகுப் பட்டைச் செலுத்தத்துக்குரியது. 1987இல் சுபாரு ஜஸ்டியில் வந்த அந்த ஏற்பாட்டில் எஃகுப் பட்டை பாய்மத்துள் மூழ்கியபடியே இயங்குகிறது. தொழிற்படும் முறை ஒத்திருந்தாலும் ரப்பர் பெல்ட்டுக்குப் பாய்மம் பகை. பணிவண்டியும் சிவிடி வகைதானே என்று அந்த ஃபுளூயிடை வாங்குபவர் எந்த அறைக்கும் பொருந்தாத ஒன்றை வாங்குகிறார்.

இரண்டாம் வகையைப் பொதுஎண்ணெய்ச் செலுத்தம் எனலாம். ஹோண்டா பயனியர் 700 வண்டியில் டார்க் கன்வெர்ட்டரோடு கூடிய தானியங்கிச் செலுத்தமும், பயனியர் 1000 வண்டியில் இரட்டைக் கிளட்சுச் செலுத்தமும் உள்ளன. இரண்டிலும் பெல்ட் இல்லை. எஞ்சினுக்கும் செலுத்தத்துக்கும் ஒரே எண்ணெய்தான். எரிப்பறையின் புகைக்கரியையும் பெட்ரோல் கசிவையும் தாங்கும் எண்ணெயே கிளட்சின் பிடியையும் காக்க வேண்டியிருக்கிறது. முன், பின் இறுதிப் பல்சக்கரப் பெட்டிகள் தனி அறைகள். அவற்றுக்குக் கியர் ஆயில்.

மூன்றாம் வகை பாய்ம அழுத்தச் செலுத்தம். ஹைட்ரோஸ்டாட்டிக் என்பது வழக்குச் சொல். குபோட்டாவின் ஆர்டிவி 900 இதற்கு எடுத்துக்காட்டு. எஞ்சின் ஒரு பிஸ்டன் பம்பைச் சுழற்றுகிறது. பம்பு தள்ளும் பாய்மம் ஒரு மோட்டாரைச் சுழற்றுகிறது. இங்கே விசையைக் கொண்டு செல்வதே பாய்மம்தான்.

வண்டி எவ்வகை என்று அறிந்ததும் பாய்மமும் தெரிந்துவிடும் என்று முடிவு கட்டலாகாது. ஜான் டியரின் கேட்டர் வரிசையில் உலர்பெல்ட் கொண்ட வண்டிகள் பல உண்டு. எனினும் பெல்ட்டுக்குப் பின்னுள்ள பெட்டிக்கு அந்நிறுவனம் விதிப்பது ஹை-கார்ட் என்னும் டிராக்டர் பாய்மம். கியர் ஆயில் அன்று. வகையை அறிந்தால் எத்தனை அறைகள் என்று தெரியும். எந்தப் பாய்மம் என்பது அறைக்குள் இருக்கும் உறுப்புகளை அறிந்தால்தான் தெரியும்.

3. மசகின் நிலைகள்

ஒன்றின்மேல் ஒன்று நகரும் இரு உலோகப் பரப்புகளுக்கிடையே பாய்மம் எவ்வாறு நிற்கிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் 1902இல் வெளியிட்ட பேரிங் ஆய்வுகள் தெளிவாக்கின. வேகமும் பாகுநிலையும் போதுமானவையாகவும் சுமை மிதமாகவும் இருந்தால் பாய்மப்படலம் பரப்புகளை முழுதும் பிரித்து நிறுத்துகிறது. இது முழுப்படல நிலை. வேகம் குறைந்தாலோ சுமை கூடினாலோ பரப்புகளின் முகடுகள் படலத்தைத் துளைத்து ஆங்காங்கே தொடுகின்றன. இது கலப்பு நிலை. இன்னும் மோசமானால் படலம் இல்லாமலாகி, உலோகத்தின்மேல் ஒட்டியிருக்கும் மூலக்கூற்று அளவான பூச்சு மட்டுமே மிஞ்சுகிறது. இது எல்லை நிலை.

பணிவண்டியின் வாழ்வு பெரும்பாலும் பின்னிரு நிலைகளிலேயே கழிகிறது. நெடுஞ்சாலைக் காரின் பல்சக்கரங்கள் நெடுநேரம் சீரான வேகத்தில் ஓடுகின்றன. பணிவண்டியோ தாழ்நிலைக் கியரில், முழுச் சுமையோடு, நடைவேகத்தில் மேடேறுகிறது; நின்று, பின்வாங்கி, மீண்டும் இழுக்கிறது. பாகுநிலை மட்டுமே காக்கும் என்று நம்ப இயலாத சூழல் இது. எனவே பாகுநிலையையும் சேர்மானங்களையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

4. பாகுநிலை

பாகுநிலை என்பது பாய்மம் தன் ஓட்டத்துக்குத் தானே காட்டும் தடை. கியர் ஆயிலுக்கான வகுப்புகளை எஸ்ஏஇ ஜே306 என்னும் தரவிதி வரையறுக்கிறது. எண்ணுக்குப் பின் டபிள்யூ வந்தால் குளிர்கால எல்லையைக் குறிக்கும். தனி எண் வந்தால் 100 டிகிரி செல்சியஸில் அளந்த பாகுநிலையைக் குறிக்கும். 75டபிள்யூ எண்ணெய் மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூ மைனஸ் 26 டிகிரியிலும், 85டபிள்யூ மைனஸ் 12 டிகிரியிலும் 1,50,000 சென்டிபாய்ஸுக்கு மேல் தடிக்கக் கூடாது. அறை வெப்பத் தண்ணீரின் பாகுநிலை ஏறத்தாழ 1 சென்டிபாய்ஸ். 1,50,000 என்ற எல்லை வசதிக்காக இட்டதன்று. அதற்கு மேல் தடித்த எண்ணெயோடு ஓட்டிய ஓர் அச்சுப் பெட்டியில் பினியன் பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேராமல் அவை சிதைந்தன. அந்தச் சோதனைகளிலிருந்தே இவ்வெல்லை பிறந்தது.

சூடான நிலைக்கு 90 என்ற வகுப்பு, 100 டிகிரியில் 13.5 சென்டிஸ்டோக்ஸ் முதல் 18.5க்குக் குறைவாக இருக்க வேண்டும். 140 என்ற வகுப்பு 24 முதல் 32.5க்குக் குறைவாக. எஞ்சின் எண்ணெயின் எண்கள் ஜே300 என்னும் வேறொரு தரவிதியைச் சேர்ந்தவை. அங்கே 40 என்ற வகுப்பு 12.5 முதல் 16.3க்குக் குறைவு. ஆக, கியர் ஆயில் 90ம் எஞ்சின் ஆயில் 40ம் பாகுநிலையில் ஏறக்குறைய ஒன்றே. 90 என்ற எண்ணைக் கண்டு அது இருமடங்கு தடித்தது என்று கருதுவது இரு அளவுகோல்களைக் கலப்பதால் வரும் பிழை. இதே பிழை எதிர்த்திசையிலும் நிகழ்கிறது: பாகுநிலை ஒன்றுதானே என்று ஒன்றுக்கு மற்றொன்றை ஊற்றுகிறார்கள். பாகுநிலை ஒத்தாலும் சேர்மானம் ஒவ்வாது.

தேர்வுக்கு இதன் பயன் நேரடியானது. போலாரிஸ் நிறுவனம் தோன்றிய மினசோட்டாவின் ரோசோ நகரம் கனடா எல்லையை ஒட்டியது. அங்கே குளிர்கால இரவுகள் மைனஸ் 30 டிகிரிக்குக் கீழும் இறங்குகின்றன. அவ்விடத்தில் 85டபிள்யூ-140 எண்ணெய் காலையில் பெட்டிக்குள் அசையாமல் கிடக்கும். பல்சக்கரம் அதைக் கீறிப் பள்ளம் பறித்துவிட்டு உலர்ந்து சுழலும். 40 டிகிரியைத் தாண்டும் ஆஸ்திரேலிய உள்நாட்டுக் கோடையில் அதே எண்ணெய் தடையின்றிப் பாயும். ஒரே வண்டிக்கு இரு நிலங்களில் இரு எண்ணெய்கள் பொருந்தலாம். கையேட்டின் வெப்பநிலை அட்டவணையைக் கடக்காமல் படிப்பதைத் தேர்வின் முதற்படியாக வற்புறுத்துகிறோம்.

5. சேர்மானங்கள்

கலப்பு நிலையிலும் எல்லை நிலையிலும் உலோகத்தைக் காப்பவை சேர்மானங்கள். அவற்றுள் தலையானது மிகையழுத்தச் சேர்மானம். பல்லோடு பல் சறுக்கும் புள்ளியில் கணநேரம் எழும் வெப்பத்தில், இச்சேர்மானத்தின் கந்தகமும் பாஸ்பரசும் இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படிவு ஒன்றை உண்டாக்குகின்றன. இரு பற்களும் ஒட்டிப் பற்றிக்கொள்வதற்கு மாறாக அந்தப் படிவு அறுந்து விலகுகிறது, மீண்டும் உருவாகிறது. அச்சுகள் சந்திக்காமல் விலகி அமையும் ஹைப்பாய்ட் பல்சக்கரங்களில் பற்கள் நீளவாக்கிலும் சறுக்குவதால் இச்சேர்மானமின்றி அவை வாழா.

ஏபிஐ அமைப்பின் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற வகுப்புகள் இப்பாதுகாப்பின் அளவைக் குறிக்கின்றன. ஜிஎல்-5 எண்ணெயில் மிகையழுத்தச் சேர்மானம் பொதுவாக ஜிஎல்-4இல் உள்ளதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. எண் பெரிது, ஆகவே தரமும் பெரிது என்ற எண்ணம் பரவலாக உள்ளது; அது ஏற்கத்தக்கதன்று. வினைத்திறன் மிக்க கந்தகம் இரும்பைக் காக்கும் அதே இயல்பினால் செம்புக் கலவைகளை அரிக்க வல்லது. பித்தளை சின்க்ரோ வளையமோ வெண்கலப் புஷ்ஷோ உள்ள பெட்டியில், விதிக்கப்பட்ட ஜிஎல்-4க்கு மாறாக ஜிஎல்-5 ஊற்றுவது பல்லைக் காத்து வளையத்தை இழப்பதாக முடியலாம். பல எண்ணெய்களில் இவ்வரிப்பை அடக்கும் துணைச்சேர்மானம் உண்டு. ஆயினும் பெட்டியின் விதிப்பே முதன்மை.

அடுத்தது உராய்வுத் திருத்தி. எஞ்சின் எண்ணெய்களில் எரிபொருள் மிச்சத்துக்காக உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. எஞ்சினுக்கு நன்மையான அது, எண்ணெயில் நனைந்து இயங்கும் ஈரக் கிளட்சுக்குக் கேடு. கிளட்சு பற்றுவதற்கு உராய்வு வேண்டும். அதனால்தான் ஜப்பானின் ஜாசோ டி903 தரவிதி, பற்றும் உராய்வு போதுமான எண்ணெய்களை எம்ஏ என்றும், உராய்வு குறைந்தவற்றை எம்பி என்றும் பிரித்தது. பயனியர் போன்ற வண்டிக்குக் காரின் எரிபொருள் சேமிப்பு எண்ணெயை ஊற்றினால், எஞ்சின் மென்மையாக ஓட, கிளட்சுத் தகடுகள் வழுக்கிக் கருகும்.

டிராக்டர் பாய்மம் மூன்றாவது வேறுபாட்டைக் காட்டுகிறது. ஒரே பாய்மம் பல்சக்கரத்தை மசகிடுகிறது. அழுத்த பம்பை இயக்குகிறது. எண்ணெயில் நனைந்த பிரேக் தகடுகள் அலறாமலும் அதிராமலும் பற்றச் செய்கிறது. ஒன்றையொன்று எதிர்க்கும் தேவைகளுக்கிடையே அளந்து அமைத்த சமநிலை அது. அதில் கியர் ஆயிலைக் கலந்தால் எந்தத் தேவையும் வலுப்படாது, சமநிலைதான் குலையும்.

6. தேர்வு நெறி

ரேஞ்சரின் இரு பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு நம் கருத்தைச் சோதிப்போம். பின்னுள்ள பெட்டியில் பல்சக்கரம், பேரிங், கியர் மாற்றும் கவ்விகள் உள்ளன. ஈரக் கிளட்சு இல்லை, பம்பு இல்லை. இங்கே பல்லின் தேவையே தேர்வை ஆளலாம். போலாரிஸ் இதற்கு ஏஜிஎல் என்ற பாய்மத்தை விதிக்கிறது. முன்பெட்டியின் கதை வேறு. பின்சக்கரம் வழுக்கும்போது மட்டும் முன்சக்கரங்கள் தாமே இணையும் ஏற்பாடு அதில் உண்டு. மின்காந்தச் சுருள் ஒரு தகட்டை இழுக்கிறது. தகடு உருளைக் கூட்டைச் சற்றுத் திருப்புகிறது. உருளைகள் சக்கர மையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ஆப்பாக இறுகுகின்றன. இவ்விறுக்கம் பாய்மத்தை ஊடுருவி உலோகத்தோடு உலோகம் பற்றுவதால் நிகழ்வது. தடித்த எண்ணெய் தகட்டின் அசைவைத் தாமதப்படுத்தும். வழுக்கும் சேர்மானம் உருளையைப் பற்றவிடாது. முன்பெட்டியிலும் வலிய பல்சக்கரங்கள் உள்ளன என்பது உண்மை. ஆயினும் டிமாண்ட் டிரைவ் என்ற தனிப்பாய்மம் விதிக்கப்பட்டது உருளைகளை முன்னிட்டே. இரு பெட்டிகளுக்கும் ஒரே கியர் ஆயிலை ஊற்றுபவர் பின்பெட்டியில் தப்பி முன்பெட்டியில் பிழை செய்கிறார்.

ஆர்டிவியில் ஊறுபடத்தக்கது பிஸ்டன் பம்பு. அதன் இடைவெளிகள் மிக நுண்ணியவை. தூசும் காற்றுக்குமிழியும் அதற்குப் பகை. குபோட்டா விதிக்கும் சூப்பர் யூடிடி பாய்மத்தைத் தூய்மையாக ஊற்றுவது, சரியானதைத் தேர்ந்தெடுப்பதைப் போலவே முதன்மையானது.

நிறத்தைக் கொண்டு தேர்வது அறவே தகாது. சிவப்பு என்பது தானியங்கிச் செலுத்தப் பாய்மங்களுக்கு இடப்படும் சாயம் மட்டுமே. சேர்மானத்தை அது சொல்வதில்லை. நிறுவனத்தின் பாய்மமே வேண்டுமா, பிற நிறுவனத்தது ஆகுமா என்ற வினாவுக்கு நம் விடை: புட்டியின் பின்புறத்தில் கையேடு கேட்கும் தரவிதியின் பெயர் அச்சிடப்பட்டிருந்தால் ஆகும். தரவிதி வெளியிடப்படாத தனிப்பாய்மம் விதிக்கப்பட்ட அறைக்கு, அதையே வாங்குவது நன்று. அந்த அறை கொள்வது சிறிதளவே. மிச்சமாகும் பணம் ஓர் உருளைக் கூட்டின் விலைக்கு ஈடாகாது.

7. ஊற்றும் முறை

ஊற்றும் முன் காரணம் தேடல் வேண்டும். எஞ்சின் எண்ணெயை எரித்துக் குறைக்கலாம். தனித்த பல்சக்கரப் பெட்டிக்கு அது இயலாது. அங்கே மட்டம் தாழ்ந்தால் பாய்மம் வெளியேறியிருக்கிறது. ஆயில் சீல், பிளக்கின் வாஷர், காற்றுப்போக்கியான பிரீதர் குழாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பெல்ட் அறைப் பக்கத்து சீல் கசிந்தால் பாய்மம் பெல்ட்டின்மேல் படிந்து வழுக்கலும் கருகல் நாற்றமும் தோன்றும். அப்போது மட்டும் நிரப்பி ஓட்டுவது கசிவுக்குத் தீனி போடுவதே. மட்டம் உயர்ந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: தனிப்பெட்டியில் நீர் புகுந்திருக்கலாம், பொதுஎண்ணெய் வண்டியில் பெட்ரோலும் கலந்திருக்கலாம்.

அளவுக்கும் மட்டத்துக்கும் வேறுபாடு அறிதல் அடுத்தது. பெரும்பாலான பெட்டிகளில் பாய்மத்தை எங்கும் கொண்டு சேர்க்கும் பம்பு இல்லை. கீழ்ப்பல்சக்கரம் பாய்மத்தில் தோய்ந்து அதை மேலே எறிகிறது. மேலுள்ள பேரிங்குகள் அந்தத் தெறிப்பை வாங்கிக்கொள்கின்றன. மட்டம் குறைந்தால் பல் பாய்மத்தைத் தொடாது. கூடினால் பல் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை வெப்பத்தைக் கடத்தாது, படலமும் தராது, பிரீதர் வழியே பொங்கி வெளியேறும். செங்குத்தான மேட்டில் பெட்டி சாய, பாய்மத்தின் மேற்பரப்போ கிடையாகவே நிற்கிறது. ஒரு முனையில் ஆழம் கூடி மறுமுனையில் குறைகிறது. கரடுவழியில் மட்டப்பிழை சமதளத்தைவிட மிகுந்த கேடு செய்வது இதனாலேயே.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துக. மட்டத்தைச் சூட்டில் பார்ப்பதா ஆறியபின் பார்ப்பதா என்பதைக் கையேடு சொல்லும். எண்ணெய் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.07 விழுக்காடு விரிவதால், 60 டிகிரி வேறுபாட்டில் ஒரு லிட்டர் 40 மில்லிலிட்டருக்கு மேல் பெருகும். முழுதும் மாற்றுவதாயின் வடிபிளக்கைத் தொடும் முன் நிரப்புபிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். இம்முறையை மாற்றியவர், வடித்து முடித்த பின் நிரப்புபிளக் இறுகித் திறவாமல், ஓட்டவும் இயலாத நிற்கவும் இடமில்லாத வண்டியோடு தவிப்பார். பிளக்கைச் சுற்றியுள்ள சேற்றைத் திறப்பதற்கு முன்பே துடைக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கையில் வடித்தால் மிதக்கும் துகள்களும் உடன் வெளியேறும்.

வடிபிளக்கின் காந்தத்தில் சாம்பல்நிறக் குழைவு படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சிம்பும் உடைந்த பல்நுனியும் இயல்பல்ல. அவற்றைக் கண்டபின் புதிய பாய்மம் ஊற்றுவது மருத்துவம் ஆகாது. புதுவண்டியில் முதல் மாற்றத்தைக் கையேடுகள் விரைவிலேயே வைப்பது, பற்கள் ஒன்றோடொன்று இழைந்து பொருந்துகையில் உதிரும் துகளை அகற்றவே.

வாஷரைப் புதிதாக்கி, அலுமினியப் பெட்டியின் மரை சிதையாத அளவுக்குத் திருப்புவிசைக் குறடால் பிளக்கை இறுக்கி, சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். தடித்த பாய்மம் உள்மூலைகளுக்கு இறங்கி அடங்க நேரம் கொடுத்தே மட்டம் பார்க்க வேண்டும். சில பெட்டிகளில் துளையின் கீழ்மரைவரை நிரப்புவது முறை. சிலவற்றில் அளவுகோல் உண்டு. சிலவற்றுக்கு அளந்து ஊற்றுவதே விதி. கடைசி வகையில் துளை வழிய நிரப்பினால் மிகையாகும். பாய்ம அழுத்தச் செலுத்தத்தில் ஃபில்டரையும் மாற்றி, சுமையின்றித் தாழ்வேகத்தில் ஓடவிட்டு, சிக்கிய காற்று வெளியேறியபின் மீண்டும் மட்டம் பார்த்து நிரப்ப வேண்டும்.

8. நீர் கலத்தல்

ஓடை கடந்த வண்டியின் பெட்டிக்குள் நீர் எவ்வாறு புகுகிறது? பெட்டி 90 டிகிரியில் இருக்கும்போது 30 டிகிரி நீரில் இறங்குவதாகக் கொள்வோம். பிரீதர் அடைபட்டிருந்தால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து, அதன் அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விழுகிறது. வெளியே வராமல் எண்ணெயைத் தடுக்கவே சீல்கள் அமைந்தவை; உள்ளிழுக்கப்படும் நீரை அவை அவ்வளவு தடுப்பதில்லை. பிரீதர் திறந்திருந்து அதன் வாய் நீருக்குள் மூழ்கினால் நீர் அதன் வழியே வரும். ஆகவே பிரீதர் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேல் உயர்ந்தும் சேறு அடையாமலும் இருக்கிறதா என்பதைப் பாய்மம் பார்க்கும்போதெல்லாம் பார்க்க வேண்டும்.

நீர் கலந்த பாய்மம் பாலைப்போல் வெளுக்கும். அந்நிலையில் மேலூற்றுவதால் பயனில்லை. முழுதும் வடித்து, அதே வகைப் பாய்மத்தைப் புதிதாக நிரப்பி, சிறிது தொலைவு ஓட்டி, மீண்டும் வடித்து, தெளிவாக வரும்வரை இதைத் தொடர வேண்டும். மண்ணெண்ணெயிட்டுக் கழுவும் பழக்கத்தை நாம் ஏற்கவில்லை. மூலைகளில் தங்கும் மண்ணெண்ணெய் அடுத்து ஊற்றும் பாய்மத்தின் பாகுநிலையைக் குறைக்கிறது. ஈரக் கிளட்சும் பம்பும் உள்ள அறைகளில் அந்தச் சிறு எச்சமும் போதிய கேடு.